கடைசி நாலு ஜன்னல்

2025 ஜூன் 15, ஞாயிறு

நூல் மில்காரர்கள் கொடுத்த டைரி ஆறு மாதமாக மேஜையில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத விஷயம் வந்திருக்கிறது. சம்பூரணம் கப்பலில் உலகத்தைச் சுற்றிவர வேண்டும் என்கிறாள்.

நாற்பதாவது கல்யாண நாள் வருகிறதே, என்ன வேண்டும் என்று நான்தான் வாயைக் கொடுத்துக் கேட்டேன். வளையல் என்பாள், மிஞ்சிப் போனால் காசி என்பாள் என்று நினைத்தேன். அவள் தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாலு மாசம் சுத்தற கப்பல் ஒண்ணு இருக்குதுங்க. சிங்கப்பூர்ல கெளம்பி, உலகத்தைச் சுத்திட்டு சிங்கப்பூருக்கே வந்துருமாம். அடுத்தது 2027 ஜனவரில போகுது" என்றாள். ரயில் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள்.

போன வருஷம் படுக்கை விரிப்பு லோடு விஷயமாகக் கொச்சிக்குப் போனபோது இவளையும் அழைத்துப் போனது தப்பு. துறைமுகத்தில் ஒரு வெள்ளைக் கப்பல் நின்றது. அதன் பால்கனியில், இவளைவிட மூத்த ஒரு அம்மாள் துண்டைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அந்தத் துண்டு ஈரோட்டுச் சரக்கா என்று பார்த்தேன். சம்பூரணம் அந்த அம்மாளைப் பார்த்திருக்கிறாள்.

"பார்க்கலாம்" என்றேன். எங்கள் ஜவுளித் தொழிலில் பார்க்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். நாற்பது வருஷமாக இது அவளுக்குத் தெரியும். இருந்தும், "எப்பப் பாக்கலாமுங்க?" என்று கேட்டாள்.

ஜூன் 19, வியாழன்

கோயம்புத்தூர் போய்ப் பார்த்தோம். கப்பல் டிக்கெட் மட்டும் விற்கிற ஒரு ஆபீஸ் காந்திபுரத்தில் இருக்கிறது. ரெஜினா என்ற பெண் நடத்துகிறாள். நாற்பது வயதிருக்கும், பேச்சு சுருக்கம்.

புக்கிங் திறந்து பத்து நாள்தான் ஆகிறதாம். அதற்குள் மேல்மாடியில் இருக்கிற பெரிய அறைகள் எல்லாம் போய்விட்டன. ஜன்னலே இல்லாத, மலிவான உள்ளறைகளும் முக்கால்வாசி போய்விட்டன.

"ஏம்மா, கப்பல் கெளம்ப இன்னும் ஒண்ணரை வருசம் கெடக்குது. இப்பவே எவன் துட்டைக் கட்டறான்?"

"இந்த வருசக் கப்பல்ல போயிட்டு வந்தவங்க சார். அவங்களுக்குக் கப்பல்லயே முதல்ல காமிச்சுருவாங்க. அவங்க எடுத்தது போகத்தான் நமக்கு. நாலு நாள் கப்பல்னா கடைசி நேரத்துல கெடைக்கும். நாலு மாசக் கப்பலுக்கு ஆளுங்க ரெண்டு வருசம் முன்னாடியே திட்டம் போடறாங்க. ரெண்டு ஓரமும் முதல்ல காலியாயிரும், விலை ஒசந்ததும் விலை கொறைஞ்சதும். அப்பறம் நடுவுல இருக்கறது."

பழைய கஸ்டமருக்கு முதலில் காட்டுவது நானும் செய்கிறதுதான். தீபாவளிச் சரக்கு இறங்கினால் கேரளாக்காரர்களுக்குப் போன் போட்ட பிறகுதான் கடையில் பரப்புவேன். ஆனாலும் இந்தப் பெண் சொன்ன விலைக்கு நான் அசையவில்லை. எவ்வளவு குறைப்பீர்கள் என்றேன். குறையாது, ஆள் நிறைய நிறைய ஏறத்தான் செய்யும் என்றாள்.

எழுந்தேன்.

ஈரோட்டுச் சந்தையில் வாங்க வந்தவன் எழுந்துவிட்டால், அவன் செருப்பில் கால் நுழைப்பதற்குள் கடைக்காரன் கூப்பிட வேண்டும். அது முறை. வலது காலை நுழைத்தேன். இடது செருப்பின் வாரை நன்றாக இழுத்துச் சரி செய்தேன். ஒருமுறை கழற்றி மறுபடியும் போட்டேன். ரெஜினா போனில் வேறு யாருக்கோ பால்கனி அறை விற்றுக்கொண்டிருந்தாள்.

காரில் சம்பூரணம் கேட்டாள்: "கால்ல ஏதாவது முள்ளு குத்திருச்சுங்களா?"

ஜூலை 22, செவ்வாய்

ஆடித் தள்ளுபடி. கூட்டம் தாங்கவில்லை. சாப்பிட மூன்று மணி ஆயிற்று.

கப்பல் கணக்கு எனக்கு இப்போது தெளிவாகிவிட்டது. விற்காத போர்வையையாவது அடுத்த வருஷம் தள்ளலாம். விற்காத அறையோடு கப்பல் கிளம்பிவிட்டால் அந்த அறை அத்தோடு போச்சு. ஆகவே கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் தள்ளித்தான் ஆக வேண்டும். அவர்களுக்கும் ஒரு ஆடி வரும். அதுவரை பொறுக்கலாம்.

தவிர நான்கு மாதம் கடையை யார் பார்ப்பது? மகன் இளங்குமரன் இருக்கிறான். பன்னிரண்டு வருஷமாக என்னோடு கடையில்தான் நிற்கிறான். ஆனால் சென்னிமலைப் போர்வைக்கும் மற்றதற்கும் வித்தியாசம் அவன் தொட்டுப் பார்த்துத்தான் சொல்கிறான். நான் பார்த்தாலே சொல்வேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரெஜினா செய்தி அனுப்பியிருக்கிறாள். பால்கனி முடிந்தது. ஜன்னல் அறை கடைசி நாலு.

படித்துச் சிரித்துவிட்டேன். கடைசி ரெண்டு பீஸ்தான் இருக்குது என்று நான் சொல்லாத நாள் கிடையாது. பின்னால் குடோனில் சரக்கு உத்தரம் வரைக்கும் அடுக்கியிருக்கும். எனக்கே கடைசி நாலு என்கிறாள்.

செய்தியைச் சம்பூரணத்திடம் காட்டினேன், அவளும் சிரிக்கட்டும் என்று. அவள் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தாள். "எடுத்துக்கலாமுங்களா?" என்று கேட்டாள். பார்க்கலாம் என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சம்பூரணம் என் பாஸ்போர்ட்டையும் அவளுடையதையும் பீரோவிலிருந்து எடுத்தாள். எதற்கு என்றேன். பூச்சி அரிக்குதா என்று பார்த்தாளாம். என்னுடையதைத் திரும்ப வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

கப்பல் பேச்சு அடங்கிவிட்டது. நல்லதுக்குத்தான். பெண்களுக்கு ஆசை மழை மாதிரி வரும், போகும்.

அவள் இப்போது காலையில் மொட்டை மாடியில் நடக்கிறாள். மூட்டுக்கு நல்லது. புதிதாக ஒரு பெட்டி வந்திருக்கிறது, நான்கு சக்கரம். அவளுடைய தலையணை உறை சாம்பிள் கொண்டுபோக என்றாள். கட்பீஸ் துணியில் தலையணை உறை தைப்பது அவள் சொந்த வியாபாரம். வீட்டுக்குப் பின்னால் ஆறு மெஷின் ஓடுகிறது. அதில் நான் தலையிடுவதில்லை.

ராத்திரி சப்பாத்தியை முள்கரண்டியால் சாப்பிடுகிறாள். அதற்கு மட்டும் காரணம் சொல்லவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. கடையில் தூசியும் நானும்தான் மிச்சம்.

நவம்பர் 12, புதன்

கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம். வருகிற வழியில் ரெஜினா ஆபீஸில் ஏறினேன். அவர்களுடைய ஆடி எப்போது வரும் என்று விசாரித்து வைக்கலாமே என்றுதான்.

"கப்பல் நெறைஞ்சு போச்சுங்க சார். ஒரு அறை கூட இல்லை. வேணும்னா காத்திருக்கறவங்க வரிசைல பேரு போட்டு வைக்கறேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான் சார். எங்களுக்குப் பின்னால குடோன் இல்லீங்க." பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்து, "மேடம் ஒண்ணும் சொல்லலீங்களா?" என்றாள். அவள் என்ன சொல்வாள், அவள் மறந்தே போய்விட்டாள் என்றேன். பேர் மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன், மரியாதைக்கு.

கை மீறிப் போன விஷயம். நான் என்ன செய்ய முடியும்? சம்பூரணத்திடம் எப்படிச் சொல்வது என்று பெருந்துறை வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தேன். குரல் கொஞ்சம் கம்மியிருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, குரலைக் கம்ம வைத்து, "கப்பல் நெறைஞ்சு போச்சு புள்ள" என்றேன்.

"தெரியுமுங்க" என்றாள். உறைகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள். "அந்த நாலு ஜன்னல்ல ஒண்ணு என்னுது. ஆகஸ்ட்லயே போட்டாச்சு."

எனக்குச் சரியாக விளங்கவில்லை. "நமக்கா?"

"எனக்கும் சம்பந்திக்கும்."

சம்பந்தி என்றால் நாகரத்தினம் அம்மாள், இளங்குமரனின் மாமியார். ஈரோட்டுக்குப் பக்கத்தில் கோபியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். புருஷன் இல்லை. யாருக்கும் பயமும் இல்லை.

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியே."

"கேட்டேனுங்க. ரெண்டு தடவை கேட்டேன். பார்க்கலாம்னீங்க. ரூமுக்கு ரெண்டு பேரு எழுதோணும்னாங்க. சம்பந்தியக் கேட்டேன். போனை வைக்கறதுக்குள்ள சரின்னுட்டாங்க."

சாப்பாடு என்ன என்று நினைவில்லை.

நவம்பர் 13, வியாழன்

இரண்டு பெண்கள் தனியாக உலகம் சுற்றுவது அவ்வளவு உசிதமல்ல. கூட ஒரு ஆண் துணை வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் காலையிலேயே ரெஜினாவுக்குப் போன் செய்தேன். வரிசையில் எனக்கு முன்னால் பலர் இருக்கிறார்களாம். தனி ஆளுக்கு அறை கிடைப்பது இன்னும் கஷ்டமாம்.

ரெஜினாவுக்கு ஒரு ஜோடி போர்வை பார்சல் அனுப்பச் சொன்னேன். நல்லதாக.

நவம்பர் 20, வியாழன்

பார்சல் திரும்பி வந்துவிட்டது. "வரிசை கம்ப்யூட்டர்ல இருக்குதுங்க சார், அதுக்குப் போர்வை வேண்டாம்" என்று சீட்டு.

2026 ஜனவரி 18, ஞாயிறு

பொங்கல் சாக்கில் பையோடு கோபி போனேன். கரும்பு, வெல்லம், ஒரு சென்னிமலைப் போர்வை. நாகரத்தினம் அம்மாள் காபி கொடுத்தார். நாலு மாதம் தண்ணீர் மேல் இருப்பது உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா, தலை சுற்றாதா, அங்கே தயிர்ச்சோறு கிடைக்குமா என்று அக்கறையாக விசாரித்தேன்.

"சுத்தி வளைக்காதீங்க சம்பந்தி. கப்பல்ல என்னோட கட்டில் உங்களுக்கு வேணும்."

"அப்படி இல்லீங்க..."

"கடைசி பீசுன்னு நீங்க சொன்னீங்கன்னு நம்பி நான் வாங்கின போர்வை நாலு. அதே டிசைன் இந்தத் தெருவுல பாதிப் பேரு வீட்டுல கெடக்குது. இது நெசமாலுமே கடைசி. தர மாட்டேன்."

எழுந்தேன். செருப்பை மெதுவாகப் போட்டேன். அவர் வாசல்வரை வந்து, நான் இரண்டாவது செருப்பையும் போட்டு முடிக்கும் வரை பொறுமையாக நின்று, "போயிட்டு வாங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பேரை இப்படி வெளியே அனுப்பியிருப்பார்.

போர்வையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

மார்ச் 8, ஞாயிறு

ரெஜினாவிடம் உட்கார்ந்து முழுதாகக் கேட்டுக்கொண்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது.

இப்போது எல்லோரும் முன்பணம்தான் கட்டியிருக்கிறார்கள். முழுப்பணம் கட்டக் கெடு ஆகஸ்ட் முதல் வாரம். அப்போதுதான் உண்மை தெரியும். வயதானவர்கள்தான் அதிகம் போகிறார்கள். ஒருவருக்கு இடுப்பு ஆபரேஷன், ஒருவருக்குப் பேத்தி கல்யாணம். சில அறைகள் திரும்பி வரும். ஆனால் அதை முதலில் கப்பலில் ஏற்கெனவே அறை எடுத்தவர்களைத்தான் கேட்பார்கள். ஜன்னல்காரர் பால்கனிக்குப் போவார், உள்ளறைக்காரர் ஜன்னலுக்கு வருவார். கடைசியில் மிஞ்சுவது வரிசைக்கு வரும்.

"அப்போ விலை கொறையும்?"

"சார்."

"சும்மா கேட்டேன்மா."

"இன்னொண்ணு சார். அறை வந்ததும் போன் போடுவேன். கையோட சரின்னு சொல்லிரோணும். பார்க்கலாம்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்."

சம்பூரணம் சொல்லிக் கொடுத்திருப்பாளோ?

ஏப்ரல் 19, ஞாயிறு

சம்பூரணம் சுவரில் உலகப் படம் ஒட்டியிருக்கிறாள். கப்பல் நிற்கிற ஊருக்கெல்லாம் குங்குமப் பொட்டு வைத்திருக்கிறாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். விரலை ஓட்டிக்கொண்டே போனாள், ஊர்ப் பெயர்கள் எல்லாம் தண்ணீர் பட்டபாடு. ஒரு ஊரில் இவள் இறங்கி நிற்பதும், நான் இங்கே ஷட்டரை ஏற்றுவதும் ஒரே நேரம் நடக்கும் என்று தோன்றியது.

"நீங்க வந்தா நல்லா இருக்கும்" என்றாள். பொட்டைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

மதியம் சோறு இரண்டு முறை போட்டுக்கொண்டேன்.

ஜூன் 16, செவ்வாய்

ஒரு பரீட்சை வைத்தேன். சந்தை நாளும் அதுவுமாக, கடைச் சாவியை இளங்குமரனிடம் கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்தேன். கடை ஆரம்பித்த நாளாக நான் இல்லாத செவ்வாய் இதுதான். சைக்கிளில் துண்டு மூட்டை கட்டி விற்ற காலத்தில்கூடச் செவ்வாய் தவறியதில்லை.

காலையில் மூன்று முறை போன் செய்தேன். நான்காவது முறை, "அப்பா, நீங்க போன் போடாம இருந்தீங்கன்னா யாவாரம் பாப்பேன்" என்றான்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன். நான் இருக்கிற செவ்வாயைவிட நன்றாகப் போயிருக்கிறது. மூன்று தப்புக் கண்டுபிடித்தேன். அதில் இரண்டு தப்பில்லை என்று அவன் விளக்கினான். மூன்றாவது நான் போன வாரம் செய்தது.

சாவியை நீட்டினான். வாங்கிக்கொண்டேன். பழக்கம்.

ஆகஸ்ட் 6, வியாழன்

கெடு முடிந்துவிட்டது. போன் இல்லை.

ஆகஸ்ட் 8, சனி

இல்லை.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

ஆடிக் கடைசிச் சந்தை. கால் வைக்க இடமில்லை. பாலக்காட்டுக்காரர் ஒருவர் பெரிய ஆர்டர், லாரி நிறைய. காலையிலிருந்து விலை இழுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்துவிட்டார். செருப்பில் ஒரு கால் நுழைத்தார். நான் கூப்பிட வாயைத் திறந்தேன். போன் அடித்தது. ரெஜினா.

"சார், ஒரு அறை. தனி ஆளுக்குத்தான். உள்ளறை, ஜன்னல் கெடையாது. மேடம் அறைக்கு ரெண்டு மாடி கீழே, கப்பலோட முன்மூக்குல. அலை அடிச்சா ஆட்டம் தெரியும். போன வருசம் பால்கனிக்கு நான் சொன்ன விலைதான் இன்னைக்கு இதுக்கு."

நாற்பது வருஷத்தில் இதைவிட மோசமான சரக்கை இதைவிட அதிக விலைக்கு எவனும் என்னிடம் காட்டியதில்லை. பாலக்காட்டுக்காரர் இரண்டாவது செருப்பைக் காலால் தேடிக்கொண்டிருந்தார். எவ்வளவு மெதுவாகத் தேடுகிறார் என்று பார்த்தேன். நானும் இப்படித்தான் இருந்திருப்பேன்.

"சரிம்மா" என்றேன்.

"என்ன சார்?"

"சரி. எடுத்துக்கறேன். போட்டுரு."

"யோசிச்சுத்தானே சார் சொல்றீங்க?"

"ஏம்மா, நான் செருப்பே போடலை."

போனை வைத்தபோது பாலக்காட்டுக்காரர் மறுபடியும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் கூப்பிட மறந்துவிட்டேன். இளங்குமரன் கூப்பிட்டிருக்கிறான். இரண்டாவது கால் நுழைவதற்குச் சரியாக ஒரு நொடி முன்னால் என்று கணக்குப்பிள்ளை சொன்னார். அதை நான் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்தே கற்றிருக்கிறான்.

ராத்திரி கடை சாத்தும்போது சாவியை நீட்டினான். உன்னிடமே இருக்கட்டும் என்றேன்.

வீட்டில் சொன்னேன். சம்பூரணம் உள்ளே போய், நான்கு சக்கரம் வைத்த இன்னொரு பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தாள். என்னுடையதாம். போன வருஷமே வாங்கி, தலையணை உறை மூட்டைக்குப் பின்னால் வைத்திருந்தாளாம்.

2027 ஜனவரி 9, சனி. சிங்கப்பூர்

ஏறிவிட்டோம். என் அறை எங்கள் கடை கல்லாவைவிடக் கொஞ்சம் பெரியது. விளக்கை அணைத்தால் விடிந்ததா இல்லையா என்று தெரியாது. போர்வையைத் தடவிப் பார்த்தேன். பருத்தி, ஆனால் நூல் மட்டம்.

ஜனவரி 15, வெள்ளி. நடுக்கடல்

கடலில் பொங்கல். சாப்பிடப் பொங்கல் கேட்டால் சமையல்காரர் ஓட்ஸ் கொடுத்தார். நாகரத்தினம் அம்மாள் அவரைக் கூப்பிட்டு நிற்க வைத்து வகுப்பு எடுத்துவிட்டார். மதியம் மிளகு போட்டு ஒன்று வந்தது. முந்திரி நிறைய.

தினமும் காலையில் இரண்டு மாடி ஏறி அவர்கள் கதவைத் தட்டுகிறேன். ஜன்னலோரம் எனக்கு ஒரு நாற்காலி. காபியும் கடலும் ஒரு மணி நேரம். பிறகு சம்பந்தியம்மாள் கடிகாரத்தைப் பார்ப்பார். நான் எழுந்துகொள்வேன்.

இன்றைக்கு எழுந்தபோது சம்பூரணம், "அதுக்குள்ளயுமா, உக்காருங்க" என்றாள். நான் செருப்பில் இன்னும் கால்கூட வைக்கவில்லை.

ஏப்ரல் 2, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கு அடுத்த பயணத்துக்கான புக்கிங், கப்பலிலேயே. பயணிகளுக்குத்தான் முதலில். நாங்கள் இப்போது பழைய கஸ்டமர்.

யாரிடமும் சொல்லாமல் ஆறரைக்கே போனேன். எனக்கு முன்னால் வரிசை நின்றிருந்தது. கையில் குச்சி வைத்த தாத்தாக்கள், மடக்கு நாற்காலி கொண்டுவந்த பாட்டிகள். எல்லாம் தேர்ந்த வியாபாரிகள். ஐந்தாவதாக, ஸ்வெட்டருக்கு மேல் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சம்பூரணம்.

"இங்க என்ன புள்ள பண்ற?"

"ஜன்னல் ரூமு சீக்கிரம் போயிருமுங்க."

"யாரு பேருக்கு?"

"என் பேரு ஒண்ணு. ரெண்டாவதுதான் யோசிச்சுட்டு இருக்கறேன். சம்பந்தி கேட்டிருக்கறாங்க."

"என்ன முடிவு பண்ணுனே?"

என்னை மேலும் கீழும் பார்த்தாள், சரக்குப் பார்ப்பது மாதிரி. "பாக்கலாமுங்க" என்றாள்.

அவளுக்குப் பின்னால் நின்றவரிடம் கெஞ்சி இடம் வாங்கி நின்றுகொண்டேன். ஒன்பது மணிக்குக் கவுன்ட்டர் திறந்தது. எங்கள் முறை வந்ததும் அந்தப் பெண் எத்தனை பேர் என்று கேட்டாள். சம்பூரணம் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ரெண்டு பேரு. ஜன்னல். சரி, சரி" என்றேன், தமிழிலேயே. அந்தப் பெண்ணுக்கு அது புரிந்துவிட்டது.

விலை என்ன என்று கேட்க மறந்துவிட்டேன். நாளைக்குப் போய்க் கேட்க வேண்டும்.